வீட்டு முன்பணத்தை எங்கே சேர்ப்பது?

"மாதம் பத்தாயிரம் மிஞ்சுகிறது. வீட்டுக்காக எங்கே போட்டு வைப்பது?" இளம் தம்பதியர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 90 சதவீதம்தான் கடன் தரும். மீதி 3 லட்சம் நம் கைப்பணம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 2,70,000. ஆக, கடன் வாங்கினாலும் 5,70,000 தேவை. மாதம் பத்தாயிரம் வீதம் சேர்க்க ஏறத்தாழ ஐந்து வருடமாகும்.

இந்தப் பணம் பெருகாவிட்டாலும் பரவாயில்லை, குறையக்கூடாது. நகையாக வாங்கினால் விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. 'ஹலால் லாபம்' என்ற பேச்சை நம்பி ஏமாறவும் வேண்டாம். 2019-இல் பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் மூடப்பட்டபோது நம் சமுதாயக் குடும்பங்கள் பல, வீட்டுக்கும் திருமணத்துக்கும் வைத்திருந்த பணத்தை இழந்து தெருவில் நின்றன.

வங்கிக் கணக்கே பாதுகாப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கு வைத்தால் இருவருக்கும் அந்தக் காப்பு கிடைக்கும். மனைவியின் பணம் மனைவிக்கே உரியது. யார் எவ்வளவு போட்டார் என்பதை எழுதி வையுங்கள். வாரிசு நியமனத்தையும் மறக்காதீர்கள்.

கணக்கில் சேரும் வட்டியைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நிஸாபை எட்டி ஒரு வருடம் கடந்த சேமிப்புக்கு ஜகாத் உண்டு. வட்டிக் கடன், ஜகாத் பற்றிய சந்தேகங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.