பாருக்கு வெளியே நிற்பவர்கள்

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ ஊரில் ‘வாக்கர்ஸ் வேகன் வீல்’ என்றொரு பார் இருந்தது. பக்கத்திலேயே ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் கம்பெனியின் கட்டடங்கள். 1960களிலும் 70களிலும் சிப் தயாரிக்கும் பொறியாளர்கள் வேலை முடிந்ததும் அங்கே கூடுவார்கள். எந்தக் கம்பெனியில் எந்த சிப் சரியாக வரவில்லை, யார் யாரை அழைத்துக்கொண்டு தனிக்கடை போடப்போகிறார், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியெல்லாம் பீர்க் கோப்பைகளுக்கு நடுவே கைமாறும். பகலில் போட்டிக் கம்பெனிக்காரர்கள், இரவில் ஒரே மேசைக்காரர்கள். போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று ஊழியரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் கலிபோர்னியச் சட்டத்தில் செல்லாது என்பதால், பாரில் காதில் விழுந்த செய்தியை நம்பி வேலையை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

எழுத்தாளர் டாம் வுல்ஃப் 1983இல் எஸ்குவையர் இதழில் இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இந்தப் பாரும் வருகிறது. பாஸ்டன் வட்டாரக் கம்பெனிகள் பின்தங்கியபோது சிலிக்கான் பள்ளத்தாக்கு மட்டும் எப்படி மேலே போனது என்று ஆராய்ந்த அன்னாலீ சாக்ஸீனியன், 1994இல் வெளிவந்த தம் நூலில், கம்பெனிச் சுவர்களைத் தாண்டி நடந்த இந்த வாய்ப்பேச்சையும் ஒரு காரணமாகக் காட்டினார்.

சொந்தக் கம்ப்யூட்டர் என்ற எண்ணத்தை வளர்த்தெடுத்த ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் கதையிலும் ஒரு பார் உண்டு. 1975 மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கிய கிளப் அது. பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஆய்வுக்கூட அரங்கத்துக்கு மாறியது. ஸ்டீவ் வாஸ்னியாக் தம் ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டியது இந்தக் கூட்டத்தில்தான். அரங்கத்தில் கூட்டம் கலைந்த பிறகும் பேச்சு கலையாது. ‘ஒயாசிஸ்’ என்ற பீர்க்கடையில் பர்கரோடு அது தொடரும். அந்தக் கடை 2018 வரை இருந்தது.

இதே பழக்கத்தை இன்றைய தொழில்நுட்ப மாநாடுகளில் பெரிய அளவில் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஃபோஸ்டெம் என்ற மாநாடு நடக்கிறது. கட்டற்ற மென்பொருளை எழுதுபவர்களும் பயன்படுத்துபவர்களும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. சனி, ஞாயிறு மாநாட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு நகரின் ‘டெலிரியம் கஃபே’யில் பீர் மாலை. 2004இல் 2,004 வகை பீர் வைத்திருந்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய பார் அது. கடையில் இடமில்லாமல் குளிரில் சந்து முழுக்கக் கூட்டம் நிற்கும். பல ஆண்டுகளாக மின்னஞ்சலில் மட்டுமே பழகியவர்கள் முதன்முறையாக முகம் பார்த்துக்கொள்வது அந்தச் சந்தில்தான்.

லாஸ் வேகஸில் நடக்கும் ‘டெஃப் கான்’ ஹேக்கர் மாநாடோ பார்ட்டியாகவே பிறந்தது. 1993இல் ஜெஃப் மாஸ் என்ற இளைஞர் ஊரைவிட்டுப் போகவிருந்த நண்பருக்குப் பிரிவு உபசார விருந்து வைக்க நினைத்தார். நண்பர் முன்னதாகவே கிளம்பிவிட்டார். ஏற்பாட்டைக் கைவிடாமல் தமக்குத் தெரிந்த ஹேக்கர்களையெல்லாம் அழைத்தார் மாஸ். சுமார் 100 பேர் வந்தார்கள். இன்று உலகத்தின் மிகப் பெரிய ஹேக்கர் கூடல்களில் அதுவும் ஒன்று. முதன்முறை பேச வருபவருக்கு மேடையிலேயே ஒரு சிறு கிளாஸில் மதுவை ஊற்றிக் கொடுத்து வரவேற்பது அங்கே வழக்கமாகவே இருந்தது.

இந்த மாலைக் கூட்டங்களை வெறும் கொண்டாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேடைப் பேச்சு முழுவதும் இப்போது வீடியோவாகக் கிடைக்கிறது. விமானச் சீட்டும் ஓட்டல் வாடகையும் செலவழித்து ஒருவர் வருகிறார் என்றால், வீடியோவில் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் வருகிறார். தம் வேலையில் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைத் தாண்டிய ஒருவரிடம், ‘இதை எப்படிச் சரிசெய்தீர்கள்?’ என்று நேராகக் கேட்பதற்காக வருகிறார். அடுத்த வேலை, அடுத்த கூட்டாளி, அடுத்த மாநாட்டில் பேச அழைப்பு எல்லாம் அந்தப் பேச்சிலிருந்துதான் கிளைக்கின்றன. கோவிட் காலத்தில் மாநாடுகள் திரைக்குள் போனபோது சொற்பொழிவுகள் ஒன்றும் குறையவில்லை. காபி டம்ளரோடு நின்று பேசும் அந்த அரைமணி நேரம்தான் போய்விட்டது.

அவ்வளவு முக்கியமான பேச்சு என்றால், அதன் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பான்சர் செலவில் நடக்கும் ஒரு மாலை வரவேற்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்னால் 2 மதுக் கூப்பன்கள். நடுவில் நீண்ட மேசை. ஏழெட்டு வகை பீர், சிவப்பிலும் வெள்ளையிலும் ஒயின், ஸ்பான்சர் பெயரைச் சூட்டிய காக்டெயில், அதைக் கலந்து கொடுக்க வெள்ளைச் சட்டைக்காரர். மேசையின் கடைசியில், ஐஸ் கரைந்த வாளியில் நாலைந்து கோலா டின்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்குப் பாட்டு. கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால், ‘நீங்கள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையா?’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருவர் கேட்பார். அக்கறையோடு கேட்கிற கேள்விதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காரணம் பலருக்குச் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை. கருவுற்று இரண்டு மாதம் ஆன பெண், வீட்டில்கூடச் சொல்லாத செய்தியை முன்பின் தெரியாதவரின் ஊகத்துக்கு விட்டுவிட வேண்டியிருக்கிறது. மனநலத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்ன சொல்வார்? குடியிலிருந்து மீண்டு வருபவருக்கு அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு சோதனை. மார்க்கம் தடுத்திருப்பதால் குடிக்காத இஸ்லாமியர், மறுநாள் காலையில் மேடையேற வேண்டியவர், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர், பிடிக்கவில்லை என்பதாலேயே குடிக்காதவர் எல்லாருமே அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுப்பது சட்ட விரோதம். பார்ட்டியைப் பாரில் வைத்தால் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உதவித்தொகை கொடுத்து வரவழைத்த மாணவரை மாலையில் ஓட்டல் அறைக்கு அனுப்பிவிட்டு, ‘புதியவர்களை வளர்க்கிறோம்’ என்று மேடையில் சொல்வதில் பொருளே இல்லை.

சமாளிக்கத் தெரிந்தவர்கள் சோடாவில் எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஜின் போலவே இருக்கும், கேள்வி வராது. படித்து, தம் துறையில் தேர்ந்த ஒருவர் இப்படி ஒளித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பது வருத்தமான விஷயம்.

பெண்களுக்கு இது வருத்தத்தோடு மட்டும் முடிவதில்லை. 2010இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு மென்பொருள் மாநாட்டின்போது, இரவுக் கூட்டத்தில் தம்மீது நடந்த பாலியல் அத்துமீறலை ஒரு பெண் பொறியாளர் பகிரங்கமாக எழுதினார். அதன் தாக்கத்தில், மாநாடுகளுக்கான நடத்தை விதிகளை வலியுறுத்தும் இயக்கம் வேகம் பிடித்தது. வேலரி அரோராவும் மேரி கார்டினரும் 2011இல் தொடங்கிய அடா இனிஷியேட்டிவ் அமைப்பு அதை முன்னெடுத்தது. விதிகள் பகல் அரங்கத்துக்கு மட்டுமல்ல, மாலைப் பார்ட்டிக்கும் பொருந்தும் என்று இன்று பல மாநாடுகள் எழுதி வைத்திருப்பதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

இருந்தும் பெரிய அமைப்புகளே சறுக்கின. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் விளையாட்டு மென்பொருள் மாநாட்டையொட்டித் தொழில்முறைச் சங்கம் ஒன்றும் சேர்ந்து நடத்திய பார்ட்டியில், நடனப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் பெண்கள் பிரிவில் பொறுப்பிலிருந்த பிரெண்டா ரொமேரோ உடனே விலகினார். 3 ஆண்டுகள் கழித்து, அதே மாநாட்டின்போது மைக்ரோசாஃப்ட் நடத்திய எக்ஸ்பாக்ஸ் பார்ட்டியில் பள்ளிச் சீருடை போன்ற உடையில் நடனப் பெண்கள் வந்தார்கள். விளையாட்டுத் துறைப் பெண்களுக்காக மைக்ரோசாஃப்ட் பகலில் விருந்து வைத்த அதே நாளில் இதுவும் நடந்தது. எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

மாற்றத்துக்கு நடைமுறை வழி சொன்னவர்களும் உண்டு. கேரா சோல்ஸ் என்பவர் 2015இல் இதுபற்றி எழுதிய கட்டுரை மாநாடு நடத்துபவர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. மதுவைத் தடைசெய்யச் சொல்லவில்லை அவர். மது எத்தனை வகையோ அத்தனை வகை மது அல்லாத பானமும் இருக்கட்டும், இரண்டும் ஒரே தரத்தில், கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும், அழைப்பிதழிலும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், தண்ணீர் எளிதாகக் கிடைக்கட்டும் என்றார். டெஃப் கானின் நிகழ்ச்சி நிரலிலேயே ‘பில் டபிள்யூவின் நண்பர்கள்’ என்ற சந்திப்பு இடம்பெறுகிறது. 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் டபிள்யூ. குடியை விட்டவர்கள் லாஸ் வேகஸின் நடுவில் ஒருவருக்கொருவர் துணையாக உட்கார அங்கே ஓர் அறை கிடைக்கிறது.

இன்னும் யோசிக்க வைப்பது, இன்டர்நெட்டின் விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் அனுபவம். அங்கே புதிய வேலைக்கான எண்ணங்கள் மாநாட்டு நிரலில் இல்லாத சின்னச் சின்னக் கூட்டங்களில் முளைக்கும். பாதி விளையாட்டாக அவற்றைப் ‘பார் பாஃப்’ என்று அழைத்துவந்தார்கள். காலப்போக்கில் அவையும் அறை பிடித்து, ஸ்லைடு போட்டு நடத்தும் அதிகாரபூர்வக் கூட்டங்களைப் போலவே ஆகிவிட்டன. 2012இல் லார்ஸ் எக்கர்ட், கொன்சாலோ கமரியோ இருவரும் இதற்கென்றே ஆர்.எஃப்.சி. 6771 என்ற ஆவணத்தை எழுதினார்கள். சம்பிரதாயத்தைக் குறைத்து இயல்பான சூழலில் பேசுங்கள் என்பது அதன் ஆலோசனை. கூடவே, ‘பார்’ என்ற பெயரை விட்டுவிட்டுப் ‘பக்கக் கூட்டம்’ என்பது போலச் சொல்லுங்கள் என்றும் பரிந்துரைத்தது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது நெருக்கமான பேச்சை. அதற்குப் பார்தான் வேண்டும் என்றில்லை.

அந்த அமைப்பின் வரலாறே இதற்குச் சாட்சி. 1989 ஜனவரியில் டெக்ஸஸின் ஆஸ்டினில் அதன் கூட்டம் நடந்தபோது, சிஸ்கோவின் கிர்க் லாக்ஹீடும் ஐ.பி.எம்.மின் யாக்கோவ் ரெக்டரும் மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கை துடைக்கும் காகிதத்தில் ஒரு திட்டத்தைக் கிறுக்கினார்கள். பி.ஜி.பி. என்ற நெறிமுறை பிறந்தது அப்படித்தான். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாகப் போவது என்பதை இன்றும் இன்டர்நெட்டின் முக்கிய ரவுட்டர்கள் அதை வைத்தே முடிவுசெய்கின்றன. சோற்று நேரத்துப் பேச்சில் இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது.

செயின்ட் லூயிஸில் 2023 வரை நடந்த ‘ஸ்ட்ரேஞ்ச் லூப்’ மாநாடு, மாலை விருந்தை ‘சிட்டி மியூசியம்’ என்ற இடத்தில் வைத்தது. பழைய ஷூ கம்பெனிக் கட்டடத்தில் குகைகளும் பல மாடி உயரச் சறுக்கு மரங்களும் அமைத்த இடம் அது. கையில் கிளாஸ் இருக்கிறதா என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது. ‘ரைட் த டாக்ஸ்’ மாநாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் சொன்ன வழிக்குச் செலவே இல்லை. வட்டமாக நின்று பேசும்போது ஒருவர் வந்து சேர்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, பேக்மேன் வாயைப் போல நில்லுங்கள் என்றார். தனியாக வந்த புதியவர் ஒரு பீரைக் குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொள்ள வேண்டிய தேவை இதனாலேயே பாதி குறைகிறது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பேச்சு எட்டிப்பார்த்தது. 2023இல் தேசிய, சர்வதேச மாநாடுகளில் மது பரிமாறத் தனி உரிமம் வழங்க அரசு விதியைத் திருத்தியது. திருமண மண்டபங்களையும் அதில் சேர்த்ததால் கடும் எதிர்ப்பு எழுந்து, அந்தப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. விவாதம் முழுவதும் கல்யாண வீட்டைச் சுற்றியே ஓடியதால், மாநாட்டு மாலைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் பேசவில்லை. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் சனிக்கிழமைகளில் மாதந்தோறும் கூடி, மது வாடையே இல்லாமல் ஒரு தலைமுறைப் பொறியாளர்களைப் பழக வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகளின் ஸ்பான்சர் பணத்தோடு நட்சத்திர ஓட்டல் பார்ட்டிகள் வரும்போது, அந்தப் பழக்கத்தையும் உள்ளே அழைத்துப்போக முடியும். ஏற்பாட்டாளர்கள் விருந்தை 7 மணிக்கே தொடங்கலாம். நல்ல சாப்பாட்டை முன்னால் வைத்து, பாட்டின் சத்தத்தைக் குறைத்து, உட்கார்ந்து பேச மேசை போடலாம். இளநீரும் நன்னாரி சர்பத்தும் பீர் இருக்கும் அதே மேசையில் இருக்கட்டும். ஏதாவது தவறு நடந்தால் யாரை அழைப்பது என்ற போன் நம்பரும், இரவு வீடு திரும்ப வண்டி ஏற்பாடும் அடையாள அட்டையின் பின்னால், அந்தக் கூப்பன்கள் இருந்த இடத்தில் அச்சாகட்டும்.