பெட்ரோல் விலை ஏறினா கார் கம்பெனிக்கு என்ன?

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது டிரைவர் எத்தனை தடவை கியர் மாத்துறார்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? கீழ் கியரிலேயே ஏறினால் வண்டி எண்ணெயை நிறையக் குடிக்கும். அதனால் நம்ம மலையில் வண்டி வாங்குபவர் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கார் கம்பெனிகளே திணறியிருக்கின்றன.

1973-ல் அரபு நாடுகள் கச்சா எண்ணெயை நிறுத்தியதும் சில மாதங்களில் விலை நாலு மடங்கு ஆனது. பெரிய கார் செய்த அமெரிக்கக் கம்பெனிகள் தடுமாற, ஜப்பானின் சின்னக் கார்கள் விற்றன. நம்ம தமிழ்நாட்டிலும் நடந்தது. சென்னை பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் 2 லிட்டர் என்ஜினோடு 'ஸ்டாண்டர்டு 2000' காரை விட்டது. விலையும் அதிகம், குடிப்பதும் அதிகம். அதற்குள் 800 சி.சி. மாருதி வந்தாச்சு. 1988-ல் ஸ்டாண்டர்டு நின்றுபோனது.

அடுத்தது டீசல் கதை. 2010 ஜூனில் அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது, டீசலுக்கு எடுக்கவில்லை. 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்! எல்லோரும் டீசல் கார் கேட்டார்கள். கம்பெனிகளும் டீசல் என்ஜினுக்குப் பணத்தைக் கொட்டின.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டீசல் கார் 1 லட்சம் ரூபாய் அதிகம்னு வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 ரூபாய் மிச்சம் என்றால் சுமார் 3,300 லிட்டரில் அசல் திரும்பிடும். மிச்சம் 10 ரூபாய்தான் என்றால்? 10,000 லிட்டர்! லிட்டருக்கு 15 கி.மீ. ஓடினாலும் 1,50,000 கி.மீ. ஓட்டணும். (டீசல் வண்டி மைலேஜ் கூடக் கொடுக்கும், அதை இங்கே சேர்க்கவில்லை.)

2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனது. இடைவெளி சுருங்கியது, டீசல் கார் மவுசும் குறைந்தது. 2020 ஏப்ரலில் புதுப் புகை விதி வந்து டீசல் என்ஜின் செலவு ஏறியதும் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது.

2017 ஜூனில் இருந்து பங்க் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம். புதுக் கார் ஒன்றை வரைந்து ரோட்டுக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். கம்பெனிகளோட தலைவலியே இதுதான்.

எங்க சித்தப்பா டீசல் ஜீப்பில் தினமும் செம்மேட்டுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் சவாரி அடிக்கிறார். அவருக்கு 10,000 லிட்டர் பெரிசில்லை. வாரம் ஒருநாள் சந்தைக்கு மட்டும் வண்டி எடுப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்க!