பீங்கான் கிண்ணங்களும் கூடைகளும் கொண்டு வீட்டை அழகுபடுத்தல்

பீங்கான் கிண்ணங்களும் கூடைகளும் கொண்டு வீட்டை அழகுபடுத்தல் என்பது பழைய அல்லது புதிய பீங்கான் கலங்களைக் கூடம், மாடம், அலமாரி, மேசை போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கும் உள்ளக அலங்கார முறையாகும். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்குப் பீங்கானுடன் நெடுநாள் தொடர்பு உண்டு. கப்பலில் வந்த சீனப் பீங்கானின் உடைந்த துண்டுகள் இங்கே மண்ணுக்குள் கிடைத்துள்ளன. இன்று பீங்கான் வாங்கி வீட்டில் வைக்க விரும்புவோர் அக்கலத்தின் வயது, அது உணவுக்கு ஏற்றதா என்பது, அதை வாங்குவது முறையானதா என்பது ஆகியவற்றை அறிந்திருப்பது நல்லது.

பெயரும் பொருளும்

பீங்கான் என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. மங்கு என்ற பெயரும் வழக்கில் உண்டு. அன்றாடப் பேச்சில் மெருகு பூசிய எல்லா மண்கலங்களும் பீங்கான் எனப்படுகின்றன. ஊறுகாய் ஜாடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பெரும்பாலும் கல்மண் வகையைச் சேர்ந்தது.

உண்மையான பீங்கான் கயோலின் என்னும் வெண்களிமண், பெல்சுபார், குவார்ட்சு ஆகியவற்றைக் கலந்து செய்யப்படுகிறது. இக்கலவை ஏறத்தாழ 1,200 முதல் 1,400 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படும்போது கண்ணாடி போல இறுகிவிடுகிறது. எனவே அது நீரை உறிஞ்சாது. மெல்லிய கலத்தை விளக்கொளிக்கு நேரே பிடித்தால் மறுபுறம் வெளிச்சம் தெரியும். விரலால் சுண்டினால் மணியோசை கேட்கும். சாதாரண மண்கலம் மந்தமான ஓசையே தரும்.

கடற்கரையும் பீங்கானும்

சீனாவின் சிங்தெசென் நகரில் செய்த வெள்ளை, நீலப் பீங்கான்கள் பல நூற்றாண்டுகளாகக் கடல்வழியே ஆசியா முழுவதும் சென்றன. தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கே வணிக நிலையம் அமைத்து, சுற்றுப்புறத்தில் நெய்த துணிகளை ஏற்றுமதி செய்தனர். அவர்களது கோட்டையும், டச்சு மொழி எழுத்துகள் பொறித்த கல்லறைகளும் இன்றும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை இக்கோட்டையில் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன.

உள்நாட்டில் பீங்கான் அலங்காரம் செழித்த இடம் செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் வெளிநாட்டுப் பீங்கான் சாமான்களைக் கொண்டுவந்து வீடுகளில் சேர்த்தனர். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே செட்டிநாட்டு வீடு ஒன்றைக் காண விரும்புவோர் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். 1996இல் திறக்கப்பட்ட இவ்வளாகத்தில் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மீண்டும் எழுப்பியுள்ளனர்.

கிண்ண வகைகள்

நீல, வெள்ளைக் கிண்ணங்களே அதிகம் காணப்படுபவை. மெருகு பூசுமுன் கோபால்ட்டு நிறமியால் வரைந்து சுடுவதால் இந்நீலம் எளிதில் அழியாது. பொன், சிவப்பு, பச்சை நிறங்கள் பெரும்பாலும் மெருகின்மேல் தீட்டப்படுபவை. அவை தேய்த்தால் மங்கும்.

ஐரோப்பாவில் முதன்முதலாக 1710இல் செருமனியின் மெய்சென் நகரில் கடும்பீங்கான் ஆலை தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் சீனக் கலங்களைப் பார்த்து நீல, வெள்ளைக் கலங்களைச் செய்தனர். ஆனால் அவை வெள்ளீய மெருகு பூசிய மண்கலங்களே. விளிம்பு உடைந்த இடத்தில் பழுப்பு அல்லது மஞ்சள் மண் தெரிந்தால் அது பீங்கான் அன்று.

புதிய கலங்களில் உத்தரப்பிரதேசத்தின் குர்சா, கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் ஆகிய ஊர்களின் பொருள்கள் பரவலாகக் கிடைக்கின்றன. புதுச்சேரியில் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ச் மட்பாண்டக் கூடத்தின் வழியே கைவினைக் கல்மண் கலங்கள் புகழ் பெற்றன. இவற்றில் பல பீங்கான் அல்ல என்றாலும் அலங்காரத்துக்கு ஏற்றவை.

பீங்கான் கூடைகள்

பீங்கான் கூடைகள் பிரம்புக் கூடையின் தோற்றத்தைக் களிமண்ணில் காட்டுபவை. இவற்றைச் செய்ய இரு முறைகள் உள்ளன. ஒன்றில், ஈரக் கலத்தின் பக்கங்களைக் கத்தியால் துளையிட்டு வலைபோல ஆக்குவர். மற்றொன்றில், களிமண்ணை நூலிழைபோல இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னுவர். இம்முறைக்கு வட அயர்லாந்தின் பெலீக் ஊர்க் கூடைகள் பெயர் பெற்றவை. சுடும்போது களிமண் சுருங்குவதால் பின்னல் விரிசல் விடக்கூடும். எனவே நல்ல பின்னல் கூடைகள் விலை மிகுந்தவை.

பழையதா, புதியதா?

கலத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பதே முதல் சோதனை.

பல ஆண்டுகள் புழங்கிய கலத்தின் கால்வளையம் ஒழுங்கின்றித் தேய்ந்திருக்கும். ஒரே சீராக அழுக்குப் பூசியது போல இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.

செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தால் அக்கலம் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்கா தன் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என அவ்வாண்டில் கட்டாயமாக்கியது.

சீனப் பேரரசரின் முத்திரை மட்டும் பழமைக்குச் சான்றாகாது. முன்னோர் காலத்து முத்திரைகளைப் பின்வந்த குயவர்களும் இட்டனர்.

உருப்பெருக்கியில் சித்திரம் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அண்மைக்கால அச்சு.

உடைந்த துண்டுகளைக் கம்பித் தையலால் இணைத்த கலங்களும் கிடைக்கும். இதனால் விலை குறைந்தாலும், யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறிய மனமின்றிப் பாதுகாத்தார் என்பதை அது காட்டுகிறது.

வீட்டில் வைக்கும் முறை

ஒரே இடத்தில் பல கலங்களை நெருக்கி வைப்பதைவிட, ஒரு பெரிய கிண்ணத்தையும் இரண்டு, மூன்று சிறியவற்றையும் இடைவெளி விட்டு வைத்தால் ஒவ்வொன்றும் கண்ணில் படும். நீலச் சித்திரங்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளைச் சுவரும் தேக்கு மரமும் பொருந்தும். மாமல்லபுரத்துக் கருங்கல் பீடத்தின்மேல் வெள்ளைக் கிண்ணம் எடுப்பாகத் தெரியும். கல் கீறாமலிருக்க அடியில் கம்பளித் துணி வைக்க வேண்டும்.

வாசலில் உருளியில் பூ மிதக்கவிடும் வழக்கத்தை அகன்ற புதிய கிண்ணத்திலும் பின்பற்றலாம். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவை ஏற்றவை. பழைய கிண்ணமானால் உள்ளே கண்ணாடிக் கலம் வைத்து அதில் நீர் ஊற்றலாம். பீங்கான் கூடையில் எலுமிச்சை, மாதுளை போன்ற கனமற்ற சில பழங்கள் போதும். அருகே பனையோலைக் கொட்டான் ஒன்றை வைத்தால், ஓலைப் பின்னலையும் மண் பின்னலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நவராத்திரிக் கொலுவில் பழைய கலங்களை மேல்படியில் வைப்பது குழந்தைகளின் கைக்கு எட்டாமல் காக்கும்.

உணவும் உடல்நலமும்

பழைய மெருகிலும் மேல்தீட்டு நிறங்களிலும் ஈயம் கலந்திருக்கலாம். புளி, எலுமிச்சை, தயிர், ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருள்கள் அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே வயது தெரியாத கலங்களையும், விரிசல் விட்ட அல்லது ஒட்டிய கலங்களையும் பார்வைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உண்பதற்கு, உணவுக்கு ஏற்றது எனக் குறிப்பிட்ட புதிய கலங்களே தக்கவை. பொன் விளிம்புள்ள கலத்தை நுண்ணலை அடுப்பில் வைக்கக் கூடாது.

பராமரிப்பு

கடற்காற்றின் உப்பு பீங்கானை அரிப்பதில்லை. ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கொக்கியைத் துருப்பிடிக்கச் செய்து கலத்தைக் கீழே விழச் செய்யும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகள் சிறந்தவை. கலத்தைக் கைப்பிடியால் தூக்காமல் இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். கூடையின் துளைகளிலுள்ள தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் அகற்றலாம். கழுவும் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுவது பாதுகாப்பானது.

சட்டமும் பொறுப்பும்

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டத்தின்படி நூறாண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. அதை வணிகம் செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்குவோர் பொருளின் விவரமும் வயதும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கோட்டை வளாகத்திலோ கடற்கரை மண்ணிலோ கிடக்கும் பீங்கான் துண்டை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடந்தது என்பதை வைத்தே அதன் காலத்தையும் வணிகத்தையும் ஆய்வாளர் அறிகின்றனர். இடம்பெயர்ந்த துண்டு அலமாரியில் அழகாக இருக்கலாம். ஆனால் சதுரங்கப்பட்டினத்தின் வரலாற்றைப் பற்றி அது சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அத்துடன் இழக்கப்பட்டுவிடும். அத்தகைய துண்டைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்கோ வருவாய்த் துறை அலுவலருக்கோ தெரிவிக்கலாம்.