நாலு பேர் முன்னால் பேச பயமா? ஹிப்னோதெரபி எதுவரை கைகொடுக்கும்?

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதியில் பலருக்குப் பேச்சுதான் பிழைப்பு. அறை வாடகைக்கு விடுபவர், ஆட்டோ ஓட்டுபவர், பூக்கடை, டிபன் கடை வைத்திருப்பவர் என எல்லோரும் முன்பின் தெரியாத முகங்களிடம் தினமும் வாய் திறந்தாக வேண்டும். அதே தெருக்களில்தான் மௌனத்துக்கும் அத்தனை மரியாதை. 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று அட்டை குத்திக்கொண்டு நடப்பவரை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், பேசவே பயப்படும் ஒருவர் ஒளிந்துகொள்வது சுலபம். அப்பா நடத்தும் தங்கும் விடுதியின் வரவேற்பறையைக் கவனித்துக்கொள்ள வேண்டிய இருபது வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். போன் அடித்தால் தம்பியிடம் நீட்டிவிடுகிறாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கை நடுங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, தலைவலி எனச் சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். கல்லூரியில் செமினார் அன்று லீவு. 'அமைதியான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது' என்று உறவினர்கள் மெச்சுகிறார்கள். அந்தப் பாராட்டுதான் பிரச்னையை இன்னும் சில வருடங்களுக்கு மூடி வைத்துவிடுகிறது.

ரமண மகரிஷி 1896 செப்டம்பரில், 16 வயதில் இந்த ஊருக்கு வந்தார். ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் பேசாமலேயே இருந்தார். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு வந்தபோதும் பதில்களை எழுதித்தான் காட்டினார். அவை பின்னாளில் 'நான் யார்?' என்ற நூலாயின. அவருக்குப் பேச வேண்டும் என்ற தேவை இல்லை. நம் விடுதிப் பெண்ணுக்கோ பேச ஆசை இருக்கிறது. சொல்ல வேண்டியது மனதுக்குள் முழு வாக்கியமாகவே தயாராக இருக்கிறது. தொண்டையைத் தாண்டி வர மறுக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் 'மௌனம்' என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டால் அவளுக்கு உதவி கிடைக்காமலே போகும்.

கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கூச்சம் பலருக்கும் உண்டு; பத்து நிமிடம் பழகினால் கரைந்துவிடும். சமூகப் பதற்றம் அப்படிக் கரையாது. நாலு பேர் தன்னை எடைபோடுகிறார்கள், அவமானப்படப்போகிறோம் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பு, வேலை, உறவு என எல்லாவற்றிலும் குறுக்கே நிற்கும்போது மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கணக்கில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தலைகாட்டும். நெஞ்சு படபடக்கும், நாக்கு உலரும், முகம் சிவக்கும், உள்ளங்கை வியர்க்கும். கவனமெல்லாம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன் மேலேயே திரும்பிவிடும். 'என் குரல் நடுங்குதா?' என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருப்பவருக்கு, எதிராளி என்ன கேட்டார் என்பதே காதில் விழாது. அன்றைக்குத் தப்பித்து வீட்டுக்கு வந்தால் நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தப்பிக்கச் சொல்லிக்கொடுக்கிறது.

'எல்லாம் வெறும் கீரை!'

ஹிப்னாடிசத்தின் வரலாற்றில் மேடை பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதன் நாயகர் நம் நாட்டுக்காரர். கோவாவின் கண்டோலிமில் 1756-ல் பிறந்த பாதிரியார் ஜோசே குஸ்டோடியோ டி ஃபாரியா. போர்ச்சுகலில் ராணி முன்னிலையில் பிரசங்க மேடை ஏறியவர், கூட்டத்தைப் பார்த்ததும் வாயடைத்து நின்றாராம். கீழே இருந்த அப்பா கொங்கணியில், 'எல்லாம் வெறும் கீரை, நறுக்கித் தள்ளு' என்கிற மாதிரி மெல்லச் சொல்ல, மகனுக்குப் பேச்சு மடைதிறந்து வந்ததாம். கோவாவில் இன்றும் சொல்லப்படும் கதை இது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம்.

பின்னாளில் இதே ஃபாரியா 1813-ல் பாரிஸில் 'தெளிவான உறக்கம்' பற்றி வகுப்புகள் எடுத்தார். ஹிப்னாடிசம் செய்பவரின் உடம்பிலிருந்து ஏதோ காந்த சக்தி பாய்கிறது என்று மெஸ்மரின் சீடர்கள் நம்பிய காலம் அது. அப்படி எதுவும் இல்லை, எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனதுக்குள்தான் நடக்கிறது என்றார் ஃபாரியா. பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் சொன்னதை நம் சினிமாக்காரர்கள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கடிகாரத்தை ஆட்டி வில்லன்களைத் தூங்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் பேச்சு மட்டும்தான் இருக்கும். எங்கே பயம் வருகிறது, எப்போது தொடங்கியது, வேறு மனநலச் சிக்கல் உண்டா என்று கேட்பார்கள். அதன்பிறகு சாய்ந்து உட்காரச் சொல்லி, ஒரு புள்ளியிலோ மூச்சிலோ கவனத்தை நிறுத்தச் சொல்வார்கள். தோள், கை, தாடை என ஒவ்வொன்றாகத் தளரும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைவில் மூழ்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவோமே, கிட்டத்தட்ட அந்த நிலை. தூக்கம் இல்லை. வெளியே ஹாரன் அடிப்பதும் கேட்கும், வேண்டாமென்றால் எழுந்தும் வந்துவிடலாம். ரகசியங்களைத் தானாக உளறிவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை.

அந்த நிலையில்தான் பயமுறுத்தும் காட்சி மனத்திரையில் ஓடும். விடுதி வாசலில் விருந்தினர் வருகிறார், 'வணக்கம், ரூம் புக் பண்ணியிருக்கீங்களா?' என்று கேட்கிறாள், குரல் லேசாக நடுங்குகிறது, ஆனாலும் பேச்சு தொடர்கிறது. நடுக்கம் வந்தாலும் நிற்க முடியும் என்பதுதான் இங்கே விதைக்கப்படும் வார்த்தை. வீட்டில் தானாகவே செய்துகொள்ளும் பயிற்சியும் பெரும்பாலும் கற்றுத்தரப்படும். எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் இது பிடிபடுவதில்லை. சிலர் சட்டென்று ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு வெறும் ஓய்வு மாதிரி மட்டுமே இருக்கும்.

சரி, குணமாகுமா? ஹிப்னோதெரபி மட்டுமே சமூகப் பதற்றத்தைத் தீர்க்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. அதிக ஆதாரம் உள்ளது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் முதலில் வைக்கிறது. தேவைப்படுவோருக்கு மருந்தும் உண்டு. சி.பி.டி.யோடு ஹிப்னாசிஸைச் சேர்த்தால் மேடை பயம் சற்று வேகமாகத் தணிவதாக 1997-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. சிறிய ஆய்வுதான். ஆனால், அது காட்டும் திசை நியாயமானது. ஹிப்னாசிஸ் முதல் அடி எடுத்துவைக்கத் தைரியம் தரலாம், நடக்க வேண்டியது கால்தான்.

அந்த நடைக்கு ரமணாசிரமம் பகுதியே நல்ல பயிற்சிக்களம். முதல் வாரம், பூக்கடையில் முழம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. பிறகு, ஆசிரமத்தில் மாலை தமிழ்ப் பாராயணத்தில் உட்கார்ந்து கூட்டத்தோடு வாய்விட்டுச் சொல்வது; பல குரல்களுக்கு நடுவே தன் குரலையும் கேட்டுப் பழகலாம். அடுத்து, 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் தெரியாத ஒருவரிடம் வழி கேட்பது, டீக்கடையில் நின்று நாலு பேர் பார்க்க டீ குடிப்பது. விருந்தினர் போனை எடுப்பது கடைசிப் படி. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் சிகிச்சையின் மையம். பாதியில் ஓடிவந்தால் பழைய பயமே ஜெயிக்கும்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 'அவ பேச மாட்டா' என்று அவள் முன்னாலேயே விருந்தாளியிடம் சொல்வதும் ஒருவகை சஜஷன்தான். பதில் வரத் தாமதமானால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் காத்திருந்தாலே பெரிய உதவி.

யாரிடம் போவது?

ஆன்மிக நகரங்களில் யோகா, ரெய்கி, ஹீலிங் என்று பலவகை அறிவிப்புகளுக்கு நடுவே ஹிப்னோதெரபியும் இருக்கும். ஒரே அமர்வில் பயம் போகும் என்றோ, முற்பிறவிக்குக் கூட்டிப்போய்க் காரணம் கண்டுபிடிப்போம் என்றோ சொன்னால் விலகிவிடுவது நல்லது. ஆழ்ந்த நிலையில் கேட்கப்படும் கேள்விகளால், நடக்காததெல்லாம் நடந்ததுபோல நினைவில் பதியக்கூடும். உரிய பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே ஹிப்னோதெரபி அளிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று தயங்காமல் கேட்கலாம். இல்லாத குரல் கேட்பது, கடுமையான சந்தேகம் போன்ற அறிகுறிகள் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஹிப்னாசிஸுக்குப் போகவே கூடாது.

நேரில் போய் உட்காரவே பயமாக இருப்பவர்கள் 14416-ஐ அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவதே சிரமம் என்றால், என்ன சொல்ல வேண்டுமோ அதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாலும் போதும்.