ஜாடியில் பூ வாடாமல் இருக்க... தோவாளை சொல்லும் பாடம்!

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று சில்லென்று வீச, தோவாளை பூச்சந்தையில் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. பிச்சி, மல்லிகை, சம்பங்கி, அரளி, கிரேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, கொழுந்து, தாமரை என்று தரையெங்கும் நிறங்கள். உள்ளூர்ப் பூவோடு ஓசூர், திண்டுக்கல், சத்தியமங்கலம் பூக்களும் வந்து சேரும். நாகர்கோவில் – திருநெல்வேலி சாலையில் இருக்கும் இந்தச் சிற்றூரை நம்பித்தான் கேரளத்தின் பல கோயில்களும் கல்யாண வீடுகளும் இருக்கின்றன. ஓணம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அத்தம் தொடங்கிப் பத்து நாளும் அத்தப்பூக் கோலத்துக்குப் பூ போய்க்கொண்டே இருக்கும்.

இங்கே பூ வெறும் அழகுப் பொருள் இல்லை, பிழைப்பு. விடியற்காலையில் நல்ல விலைக்குப் போன பிச்சி, வெயில் ஏறிவிட்டால் கேட்பாரற்றுக் கிடக்கும். பறித்தவர், கொண்டுவந்தவர், கட்டிக் கூலி வாங்கும் பெண்கள் என அத்தனை பேரின் அன்றைய வருமானமும் பூ எத்தனை மணி நேரம் வாடாமல் தாங்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்த ஊரின் பெருமை மாணிக்க மாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து, பாய் முடைவது போலத் தட்டையாக நாரில் கட்டுகிறார்கள். சிவப்பு அரளி மடிப்புகள் பதித்து வைத்த மாணிக்கக் கற்கள் போலத் தெரியும். இதைப் பார்த்து வியந்த திருவிதாங்கூர் மன்னர்தான் இந்தப் பெயரை வைத்தார் என்பது ஊரில் வழங்கும் செய்தி. 2025-ல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, சந்தைக்காரர்களின் சூட்சுமம் நம் வீட்டு ஜாடிக்கு உதவுமா? நிச்சயம் உதவும்.

எப்போது வெட்டுவது?

செடி இரவெல்லாம் நீரை உறிஞ்சி, விடியற்காலையில் நிறைந்து நிற்கும். அப்போது வெட்டுவதே நல்லது. முடியாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு வெட்டலாம். உச்சி வெயிலில் வெட்டிய பூ, ஜாடிக்கு வருவதற்குள்ளேயே தலை தொங்கிவிடும். வாளியில் தண்ணீரோடு தோட்டத்துக்குப் போய், வெட்டியதும் தண்டைத் தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

எந்தப் பருவத்தில்?

ரோஜா என்றால் வெளியிதழ் லேசாக விரியத் தொடங்கும் மொட்டு. சம்பங்கி, கிளாடியோலஸ் என்றால் அடிப்பூ ஒன்றிரண்டு விரிந்த தண்டு. செவ்வந்தியும் கிரேந்தியும் நன்றாக மலர்ந்திருக்க வேண்டும். செம்பருத்தி மட்டும் விதிவிலக்கு. தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதற்கு ஒரு நாள்தான் ஆயுசு.

தண்டுதான் உயிர்

வெட்டிய பூவுக்கு வேர் இல்லை. தண்டிலுள்ள நுண்குழாய்கள் வழியாகத்தான் நீர் மேலே ஏற வேண்டும். அதைக் காற்றுக் குமிழியோ கிருமிகளோ அடைத்துவிட்டால், ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடும். அதனால்...

* கூர்மையான கத்தியால் தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கிவிடும்.

* தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் தண்ணீர் கெடும்.

* ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

* இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டின் அடியை அரை அங்குலம் வெட்டிவிடுங்கள்.

* ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு கிருமியைக் கட்டுப்படுத்தும். சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிதான் பெருகும்!

எங்கே வைப்பது?

ஜன்னல் வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடம் வேண்டும். பழக்கூடைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. கனிந்த மட்டிப் பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அது பூவைச் சீக்கிரம் முதிரவைத்து உதிர்த்துவிடும்.

குமரியின் ஈரக் காற்றில் நன்றாக வளரும் ஆந்தூரியம், ஜாடியில் இரண்டு வாரம்கூடத் தாங்கும். ஆனால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் தாளாமல் கறுத்துவிடும். கட்டிய பிச்சி, மல்லிகைச் சரத்துக்கோ ஃபிரிட்ஜ் நல்லது. வாழை இலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் மறுநாளும் மணக்கும்.

ஓர் எச்சரிக்கை

மாலையில் ஜொலிக்கும் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். அது நின்ற தண்ணீரும் ஆபத்து. குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீட்டில் அரளியை ஜாடியில் வைக்க வேண்டாம்.

எதுவுமே சரிப்பட்டு வரவில்லையா? இருக்கவே இருக்கிறது வாடாமல்லி. ஜாடியில் நாள் கணக்கில் நிற்கும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் நிறம் சட்டென்று மங்காது. தோவாளைச் சந்தையில் வெயில் ஏறிய பிறகும் முகம் வாடாமல் இருப்பதும் அதுதான்!