கரை நகர்ந்தால் கணக்கும் நகர வேண்டும்: புயல் அலையைக் கணினி கணிப்பது எப்படி?

கொல்கத்தா: 2021-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி யாஸ் புயல் ஒடிசாவின் பாலசோருக்குத் தெற்கே கரையைக் கடந்தது. ஆயினும், மேற்கு வங்கத்தின் திகாவிலும் சுந்தரவனத் தீவுகளிலும் கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. அன்று பௌர்ணமி என்பதால் ஓதம் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. புயல் தள்ளிய நீர் அதன்மேல் சேர்ந்துகொண்டது.

புனல் போல் குறுகும் ஹூக்ளி முகத்துவாரத்திலும், ஆழம் குறைந்த வங்கக் கடலின் வடமுனையிலும் நீர் எளிதில் உயரும். 1864 அக்டோபர் 5-இல் கொல்கத்தாவைத் தாக்கிய புயலின்போது ஆற்றின் வழியே ஏறிய அலையும் சேர்ந்து சுமார் 60,000 உயிர்களைப் பறித்தது.

இத்தகைய எழுச்சியைக் கணிக்க, கடற்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரமும் வேகமும் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகின்றன. 10 மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் பரவும். கட்டத்தின் அகலம் 1 கி.மீ. எனில், எளிய முறைகளில் ஒரே தாவலில் 100 நொடிகளைக் கடக்க இயலாது. கடந்தால் பிழை பெருகி, விடை பொருளற்றதாகிவிடும்.

உண்மையான சிக்கல் கரையில்தான். தொடக்ககால மாதிரிகள் கரையைச் செங்குத்துச் சுவராகவே கொண்டன. சுவரில் மோதும் நீர் உயருமே தவிர, ஊருக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை அவற்றால் கூற இயலாது. தட்டையான சுந்தரவனத்திலோ மக்களுக்குத் தேவை அந்த விடைதான்.

பிரிட்டனின் ஜான்ஸ், தில்லி ஐஐடியின் எஸ்.கே. டுபே உள்ளிட்டோர் 1982-இல் இதற்கு வழி கண்டனர். ரப்பர் தாளில் வரைந்த கோடுகள்போல, கரை முன்னேறினால் கட்டங்கள் நீளும், பின்வாங்கினால் சுருங்கும்.

மற்றொரு முறையில் கட்டங்கள் அசைவதில்லை. நிலப்பகுதிக்கும் கட்டங்கள் அமைத்து, எது நனைந்தது, எது காய்ந்தது என ஒவ்வொரு தாவலிலும் சோதிப்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் பயன்படுத்தும் 'அட்சர்க்' மாதிரி இவ்வகையே. அதன் முக்கோணக் கட்டங்களைக் கரையோரம் சிறியதாகவும் ஆழ்கடலில் பெரியதாகவும் அமைக்கலாம். வளைந்து நெளியும் ஓடைகளுக்கு இது மிகவும் ஏற்றது.

2020 மே 20-இல் அம்பான் புயல் கரையைக் கடக்கும் முன்பே, வடக்கு, தெற்கு 24 பர்கானா மாவட்டங்களின் தாழ்வான பகுதிகளில் 4 முதல் 5 மீட்டர் உயர எழுச்சி ஏற்படக்கூடும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரித்திருந்தது.

எனினும், சுந்தரவனத்தின் மண் கரைகள் எந்த இடத்தில் உடையும் என்பதைச் சமன்பாடுகள் சொல்வதில்லை. கரையின் உயரத்தை அளந்து கொடுத்தால் மட்டுமே, நீர் அதைத் தாண்டுமா என்று கணினி கூறும்.