விளக்கு சொல்வதும் தூர் சொல்வதும்

சம்பா நெல் பால் பிடிக்கும் நேரத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்களில் சில ஆண்டுகளில் ஒரு காட்சி தென்படும். சுற்றிலும் பச்சை; நடுவில் மட்டும் வட்டமாக ஒரு திட்டு பழுப்பேறிக் காய்ந்து கிடக்கும். "புகையான் அடிச்சிருச்சு" என்பார்கள். மருந்துக் கடைக்கு ஓடுவதும் அன்றைக்குத்தான். ஆனால் அந்த வட்டம் வரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும்போது, பூச்சி அங்கே குடியேறி இரண்டு தலைமுறையாவது ஆகியிருக்கும்.

புகையான் ஒரு தத்துப்பூச்சி. நெல்மணியைவிடச் சிறியது, பழுப்பு நிறம். இலையில் இதைத் தேடிப் பயனில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் நிழலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வயலில் இறங்கி ஒரு குத்தைக் கையால் சாய்த்துத் தட்டிப் பாருங்கள். சில தண்ணீரில் விழும். மற்றவை நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளியும். அவை கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து அடித்தண்டு கறுத்திருந்தால், கூட்டம் பெருத்துவிட்டது என்று பொருள்.

இந்தப் பூச்சியின் பருவக் கணக்கு அதன் இறக்கையில் இருக்கிறது. ஒரே இனத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. நீண்ட இறக்கை உள்ளது பறந்து வந்து இளம்பயிரில் இறங்கும். அங்கே பிறக்கும் அடுத்த தலைமுறையில் குட்டை இறக்கைப் பெண்கள் மிகுதி. அவற்றுக்குப் பறக்கத் தெரியாது. இருந்த இடத்திலேயே இலையுறைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டை பொரிய 7 முதல் 9 நாள், குஞ்சு முதிர இன்னும் இரண்டு வாரம். இப்படி ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். நடவுக்குப் பின் வந்து இறங்கியவற்றின் பேரப்பிள்ளைகள் கதிர் வெளிவரும் காலத்தில் வயலை நிறைப்பது இதனால்தான். நெரிசல் கூடி, பயிரும் வற்றத் தொடங்கியதும் மறுபடி நீண்ட இறக்கைகள் தோன்றும். கூட்டம் கிளம்பி அடுத்த வயலைத் தேடிப் போகும்.

ஜப்பானிலும் கொரியாவிலும் குளிர்காலத்தில் இது பிழைக்காது. ஒவ்வோர் ஆண்டும் தெற்கிலிருந்து காற்றோடு கடல் தாண்டித்தான் அங்கே வந்து சேர்கிறது. திருவள்ளூரில் அந்தச் சிரமம் இல்லை. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, மார்கழி தையில் நவரை என்று ஏதாவது ஒரு வயலில் நெல் நின்றுகொண்டே இருக்கிறது. கோடை வெயிலில் எண்ணிக்கை தணியும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மப்பும் மந்தாரமுமாக, 25 முதல் 30 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் சேரும்போது ஏறும். தழைச்சத்து மிகுந்து அடர்ந்த சம்பாப் பயிர் அப்போது முதிர்ச்சியில் நிற்கும். பக்கத்திலேயே நவரை நாற்றங்காலும் தயாராகும்.

சிப்காட் தொழிற்பேட்டை விளக்குகளை ஒட்டிய வயல்காரர்கள், இரவு விளக்கில் மொய்க்கும் பூச்சியைப் பார்த்துப் பயிரின் நிலையை ஊகிப்பது உண்டு. ஆராய்ச்சி நிலையங்களின் விளக்குப் பொறியும் அதே வேலையைக் கணக்கோடு செய்கிறது. ஆனால் விளக்குக்கு வருவது பறக்கிற பூச்சி மட்டுமே. வயலுக்குள் பெருகும் குட்டை இறக்கைப் பெண் ஒன்றுகூட அதில் விழாது. விளக்கு வரவையும் போக்கையும் சொல்லும், இருப்பைச் சொல்லாது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரத்தும் குறைந்துவிடும்.

இருப்பை அறிய எண்ண வேண்டும். இங்கேதான் சராசரி ஏமாற்றுகிறது. 20 குத்துகளைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 17 குத்துகளில் இரண்டிரண்டு பூச்சி, மீதி மூன்றில் அறுபது அறுபது. சராசரி குத்துக்கு 11கூட வராது. குத்துக்குப் பன்னிரண்டு தூர் என்றால் தூருக்கு ஒன்றுக்கும் கீழே. பயமில்லை என்று தோன்றும். அந்த மூன்று குத்துகளிலோ தூருக்கு ஐந்து இருக்கிறது. பறக்காத தாயைச் சுற்றியே பிள்ளைகள் பெருகுவதால் புகையான் இப்படித் திட்டுத்திட்டாகத்தான் பரவும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய எல்.ஆர். டெய்லர், உயிரினங்களின் சராசரிக்கும் இந்த ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள உறவை 1961இல் ஒரு விதியாகவே எழுதினார். அதில் வரும் அடுக்கு எண் ஒன்றைத் தாண்டினால் பூச்சி கூட்டமாக வாழ்கிறது என்று அர்த்தம். வரப்போர நாலு குத்தோடு திரும்பிவிடாமல் வயலைக் குறுக்கே கடந்து பார்க்கச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

எண்ணுவது ஒருபுறம் இருக்க, புகையானை எதிர்க்கும் ரகம் என்று பார்த்தால் திருவள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு சேதி, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. 1942இல் தொடங்கிய திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி. 24, கோ 18 இரண்டையும் கலந்து உருவானது டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் நெல் என்பதால் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை எடுத்தாண்டது. நம் ஊர்களில் பல்லாண்டு விளைந்த ஐ.ஆர். 20க்கும் அது ஒரு பெற்றோர். டி.கே.எம். 6 புகையானுக்கு இரையாகும் ரகம். ஆனாலும் அதன் வாரிசுகள் சில புகையானை எதிர்த்து நின்றன. எதிர்ப்பு மரபணு ஒன்றும், அதை அடக்கி வைக்கும் இன்னொன்றும் அந்த நெல்லுக்குள் சேர்ந்தே இருப்பதாக 1974இல் மார்ட்டினஸ், குஷ் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினர். அந்த எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த ஐ.ஆர். 26 ரகம் 1973இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னும் புகையான் வகை கிளம்பிவிட்டது.

ரகம் மட்டும் காப்பாற்றாது, மருந்து மட்டும் நிச்சயம் காப்பாற்றாது. முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்க, பைரெத்ராய்டு போன்ற மருந்துகள் ஓநாய்ச் சிலந்தியையும், முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொல்கின்றன. பொரிந்து வரும் குஞ்சுக்கு எதிரியே இருக்காது. இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டு, 1986இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது.

ஆகவே எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான், சிலந்தி உள்ள வயலில் தூருக்கு இரண்டு. அதுவரை மருந்து வேண்டாம். எல்லையைத் தொட்டாலும் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டிருந்தால் வெயிலும் காற்றும் தூர்வரை இறங்கும்; யூரியாவைப் பிரித்துப் போட்டிருந்தால் பயிர் அளவுக்கு மீறி அடர்ந்திருக்காது. அதற்கும் மேல் தெளிக்க வேண்டி வந்தால், மருந்து படவேண்டிய இடம் இலை அல்ல, தூர். எந்தத் திட்டில் கூட்டம் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தத் திட்டோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும்.